தலைகீழ் கியர்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பாய், ரேஸில் உடைந்த உன் காலில் வைத்த கம்பி அந்த ஊர்க் குளிரில் குத்தாமல் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உன் தங்கைக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்திருக்கிறது, அப்பா நெற்றியில் தையல், எனக்கு உள்ளங்கையெல்லாம் கொப்புளம். எல்லாம் உன் ரேஸ் வண்டியால் வந்த வினை.

தங்கையிடம் போனில் என்ன சொன்னாய்? "இனிமே ரேஸ் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன், வண்டிய நீயே வச்சுக்கோ, ரோட்டுல ஓட்டுற மாதிரி மாத்திக்கோ" என்றாய். அதே வாரம் அப்பாவிடம், "கால் சரியாயிட்டு வருதுப்பா, வந்ததும் ஓட்டுறேன்" என்றாய். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான். அவளோ வெல்டிங் பட்டறையில் வேலை முடிந்ததும் நேரே நம் கொட்டகைக்குள் நுழைந்துவிடுவாள். லைட் இல்லை, ஹாரன் இல்லை, நிறுத்த ஒரு ஸ்டாண்டுகூட இல்லாத வண்டி அது. என்னையும் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டுமாம், அதற்காகப் பின்பக்கச் சட்டத்தைக் கிரைண்டரால் அறுக்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். அந்த வண்டியின் ஒவ்வொரு போல்ட்டும் அவர் கையால் முறுக்கியது, தீப்பொறியைப் பார்த்ததும் அவருக்குக் கண்மண் தெரியவில்லை. ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓங்கி ஓர் அறை விட்டார். அவள் மட்டும் லேசுப்பட்டவளா, சைலன்சரைத் தூக்கி வீசினாள், அவர் நெற்றி பிளந்தது. அவர் அவள் முடியைப் பிடித்து இரும்பு மேஜையில் மோத, பல் ஒன்று தெறித்தது. விலக்க வந்த பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கும் மூக்கில் ஒன்று விழுந்தது, பாவம், ஊசி பிடிக்கிற மனிதர். நான் கத்திக் கத்தித் தொண்டை வற்றி, கடைசியில் பெரிய சுத்தியலை எடுத்து வண்டியின் முகப்பில் உன் ரேஸ் எண் எழுதிய பிளாஸ்டிக் முன்மூடியை நொறுக்கினேன். அப்போதுதான் இருவரும் கையை எடுத்தார்கள். எனக்குத்தான் நிறுத்த மனம் வரவில்லை, தூளாகும்வரை அடித்தேன்.

அதன்பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. அவள் தனியாகவே லைட்டு, ஹாரன், சீட்டு எல்லாம் வைத்து முடித்தாள். ஆனால் ரேஸுக்காக அப்பா கியரைத் தலைகீழாக மாற்றிவைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. ரோட்டு வண்டியில் மேல் கியருக்கு லீவரைத் தூக்க வேண்டும், உன் வண்டியில் அழுத்த வேண்டும். அவள் வண்டியை வெளியே எடுத்தபோது அவர் வாசலில்தான் நின்றார், வாயைத் திறக்கவில்லை. "அவளே வந்து கேக்கட்டும்னு இருந்தேன்" என்று பிறகு சொன்னார். வீம்புக்கும் ஓர் அளவு வேண்டாமா? வேகம் பிடித்ததும் அவள் லீவரைத் தூக்கினாள், கியர் கீழே இறங்கிவிட்டது. பின்சக்கரம் இறுகி, வண்டி அவளை இரும்புக்கடை ஷட்டரில் தூக்கி அடித்தது. "அப்பா" என்றுதான் கத்தினாள். செருப்புகூடப் போடாமல் ஓடி அவளை அள்ளிக்கொண்டு வந்தவர், ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டி முட்டித் தையலைப் பிரித்துக்கொண்டார்.

இப்போது கியரை அவரே நேராக மாற்றிவிட்டார். சரி, புத்தி வந்தது என்று நினைத்தேன். நேற்றுப் பார்த்தால், புதிதாக ஒரு முன்மூடி வாங்கிவந்து மடியில் வைத்து உன் எண்ணை வரைந்துகொண்டிருக்கிறார். "அவன் வந்தா அரை நாள்ல திரும்ப ரேஸுக்கு மாத்திடலாம்" என்கிறார். உள்ளே கட்டோடு படுத்திருந்தவள் அதைக் கேட்டுவிட்டு, கை சரியாகட்டும், கிரைண்டர் என்னிடம்தான் இருக்கிறது என்கிறாள். அடுத்த முறை பல்லோடும் எலும்போடும் போகுமா என்று தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, காலை நீட்டி உட்கார். நீ எங்கிருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், பெற்ற வயிறு வேறென்ன கேட்கும். ஆனால் இதைப் படித்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, இனி ஓட்டமாட்டேன் என்று உன் வாயால் சொல். என்னிடம் சொல்லி அனுப்பாதே. பயப்படாதே, அங்கேவரை அவர் கை எட்டாது. இங்கே எட்டுகிறது.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் பெற்ற அம்மா