காலியாக விட்ட கட்டம்

மார்ச் 4

அன்புள்ள சிட்டு,

நலம். கட்சி மறுபடியும் என்னையே வேட்பாளராக அறிவித்துவிட்டது. வழக்கம்போல் நீதான் மாற்று வேட்பாளர். என் மனுவை ஏற்றுக்கொண்டால் உன்னுடையது தானாகப் போய்விடும். என்னுடையது தள்ளுபடியானால்தான் உன் மனு நிற்கும். அப்படியெல்லாம் நடக்காது, கவலைப்படாதே. பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்குத் தேர்தல் அலுவலகத்துக்கு வந்துவிடு. நான் தலைநகரிலிருந்து நேராக அங்கே வருகிறேன். வீட்டுக்கு வர நேரமிருக்காது.

இப்படிக்கு,
(சட்டமன்ற உறுப்பினர் முத்திரை)


மார்ச் 7

என்னவருக்கு,

கடிதம் கிடைத்தது. பெண்டாட்டிக்குமா முத்திரை குத்துவார்கள்? என் தையற்கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

வருகிறேன். இது நான்காவது தேர்தல். உண்மையைச் சொன்னால், ஐந்து வருடத்தில் அந்த ஒரு நாள்தான் நாம் சேர்ந்து படியேறுகிறோம். அதற்காகவே நீல நிறத்தில் புதிதாக ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டேன். மனுவை நேற்றே நிரப்பிவிட்டேன். கணவர் பற்றிய கட்டத்தில் உங்கள் இரத்த வகையையும் எழுதப் போனேன். "அதெல்லாம் கேக்கலக்கா" என்று கடைப்பெண் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

கையெழுத்துப் போட்டதும் ஓடாதீர்கள். ஒரு வேளை வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

சிட்டு


மார்ச் 14

சிட்டு,

நேற்றுப் பரிசீலனையில் நடந்ததை நினைத்தால் இன்னும் தலை சுற்றுகிறது. மனைவியின் பெயர், விவரம் கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டது என் உதவியாளன். அதை நிரப்பச் சொல்லி அதிகாரி கொடுத்த சீட்டையும் பையில் போட்டு மறந்துவிட்டான். என் மனு போயிற்று. இப்போது நீதான் வேட்பாளர்! பயப்படாதே. கையெழுத்து மட்டும் போடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். பதினெட்டாம் தேதி மூன்று மணிவரை வாபஸ் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே.

முத்திரை குத்தவில்லை, பார்த்தாயா?

உன்னவன்


மார்ச் 18

என்னவருக்கு,

"இந்தக் கட்டம் காலியா இருக்கே, உங்களுக்கு மனைவி இல்லீங்களா?" என்று பன்னிரண்டாம் தேதி அதிகாரி கேட்டபோது நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, உதவியாளனைப் பார்த்தீர்கள். அவன் உங்கள் கார் எண்ணைத் தப்பில்லாமல் எழுதியிருந்தான். கீழே கையெழுத்து உங்களுடையது. அன்றைக்கும் சாப்பிடாமலே போனீர்கள்.

இரண்டு நாள் கோபமாக இருந்தேன். இப்போது ஏக்கம்தான் மிச்சம். நின்றால் ஜெயித்திருப்பேனோ என்னவோ. எனக்கு அது வேண்டாம். நீங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் நான் திணறும்போது, "கொண்டா இப்படி" என்று வாங்கிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை.

இன்று இரண்டரை மணிக்கு வாபஸ் படிவம் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டேன். "பரவால்லம்மா, இது கட்டாயமில்ல" என்று வாங்கிக்கொண்டார்கள்.

இனி வீட்டுக்கு வர நேரமில்லை என்று நீங்கள் எழுத முடியாது. கதவை வெறுமனே சாத்தித்தான் வைத்திருப்பேன். தட்ட வேண்டாம். வாசலில் நின்று என் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், உதவியாளனிடம் கேட்காமல்.

சிட்டு