கையில் கட்டிய பட்டை

அம்மாவுக்கு மகனின் வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

நான் போன் பண்ணவில்லையே என்று பயப்படாதே. எங்கள் உடல்நலத்துக்கென்று கிடங்கில் எல்லோர் கையிலும் ஒரு பட்டை கட்டியிருக்கிறார்கள். அது நாடித்துடிப்பை ஆபீசுக்குச் சொல்லிவிடும். துடிப்பு கூடினால் அதிரும். தூங்கும்போதும் கழற்றக் கூடாது.

நேற்று மேலாளர் கூப்பிட்டார். "தினம் ஷிப்ட் முடிஞ்சதும் துடிப்பு எகிறுதே, என்ன பண்றே?"

"அம்மாகிட்ட பேசுவேன் சார்."

"அப்ப கொஞ்ச நாள் பேசாதே. உன் நல்லதுக்குத்தான்."

தங்கமான மனுஷன், டீ வேறு வாங்கிக் கொடுத்தார். துடிப்பு இறங்காவிட்டால் வேலையிலிருந்தே ஓய்வு கொடுத்துவிடுவார்களாம். நான் என்ன செய்ய?

இனி பேசும்போது 'எப்ப வருவே'ன்னு மட்டும் கேட்காதே அம்மா. சாப்பிட்டியான்னு கேள், போதும். இதை எழுதும்போதே பட்டை அதிர்கிறது, நிறுத்துகிறேன்.

உன் மகன்