நுரை மருந்துக்குச் சாகாத புழு

ராயபுரம்
2.11.2008

அன்புள்ள தஸ்னீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் சாபிராவும் சுகம். ஜப்பானில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுவதாக எழுதியிருப்பதை மட்டும் நான் நம்பவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ பேசிவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

ஆராய்ச்சிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்லிப் பேராசிரியர் கேட்டாராம். 'சாபிரா என்னை மறந்துவிடுவாள், நான் வந்துவிடுகிறேன்' என்று நீ எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு புழு அவ்வளவு பெரிய பைன் மரத்தையே சாய்க்கிறது. மரம் சும்மா இல்லாமல், நாம் புண் கழுவுகிற அதே நுரை மருந்தைச் சுரந்து எதிர்க்கிறது. சாதுவான புழு அதில் செத்துப்போகிறது, மரத்தைக் கொல்லுகிற புழு அசையமாட்டேன் என்கிறது. இவ்வளவும் உன் கண்ணால் பார்த்துவிட்டு, அதன் உடம்பில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தெரியாமலே மூட்டை கட்டுவாயா?

போன வாரம் இங்கே நடந்த கூத்தைக் கேள். துறைமுகத்தில் இறங்கும் இயந்திரங்களின் பெட்டிப் பலகைதான் நம் பக்கத்தில் பாதி வீட்டில் கட்டிலும் அலமாரியும். நானும் மரக்கடையில் கொஞ்சம் பார்த்து வாங்கி, தச்சர் சண்முகவேலிடம் கொடுத்து, சாபிராவுக்கு எழுதுகிற மேசை செய்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ஜப்பான் பைன் மரமாக்கும் என்று பக்கத்து வீட்டு அஜீசுன்னிசா அக்காவிடம் பெருமையடித்தேன். வந்தது வினை.

"இன்னாடா தம்பி, பொண்டாட்டி புழுவத் தேடி அவ்ளோ தூரம் போய்க்கீறா, நீ அத வூட்டுக்கே இட்டுகினு வந்துட்டியா" என்று அக்கா கத்தினதில் தெருவே கூடிவிட்டது. மேசையை வாசலுக்கு இழுத்துப் போட்டு, மருந்துக்கடையிலிருந்து நுரை மருந்தை வாங்கி வந்து தலையோடு கால் ஊற்றினாள். பத்தாது, இன்னும் வாங்கினு வரட்டா என்று டீக்கடை மஜீது பாய் வேறு. வெட்டிக் காயவைத்துச் சூடு காட்டி முத்திரை குத்திய பலகையில் புழு ஏது? துறைமுக யார்டில் தினமும் அந்த முத்திரையைச் சரிபார்க்கிற நானே, மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்துக்கு மூளை எங்கே போனதோ!

அப்போது பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள் உன் மகள். பையைக்கூடக் கழற்றவில்லை. "இத ஊத்துனா அது சாவாது. மரமே இதத்தான் ஊத்துது. புழு அத தண்ணியா ஆக்கிடும். எங்கம்மா சொல்லிக்கீறாங்க" என்றாள். உங்கம்மா டாக்டரா என்று மஜீது பாய் கேட்டார். மரத்துக்கு டாக்டர் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆறு வயது, தஸ்னீம்! போனில் குழந்தையிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் புழுக் கதை சொல்கிறேன் என்று அழுதாயே, ஒரு வார்த்தை சிந்தாமல் வைத்திருக்கிறாள். இவளா மறப்பாள்? எனக்குத் தலைகால் புரியவில்லை. யார்டு முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டேன். கிரேன் ஓட்டுகிறவர் இப்போது என்னைக் கண்டாலே காதைப் பொத்திக்கொள்கிறார்.

மழை பிடித்துவிட்டது. கல்மண்டபம் பக்கம் தண்ணீர் நிற்கிறது. அக்கா இன்னும் மேசையை நம்பாமல் தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறாள். சாபிராவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. போட்டோ வைத்திருக்கிறேன். புதுப் பல் முளைப்பதை நீ பார்க்க முடியாது, அது எனக்கும் வருத்தம்தான்.

இருந்தாலும் பேராசிரியரிடம் சரியென்று சொல்லிவிடு. அல்லாஹ் உன் அறிவில் பரக்கத் செய்வான். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இருக்கட்டுமா வரட்டுமா என்று மறுபடியும் என்னிடம் கேட்டு எழுதாதே. 'இரு' என்று ஒரு தடவை எழுதத்தான் எனக்குத் தெம்பு இருந்தது.

உன்,
சுஹைப்