ஆறாம் மேசை வாளி

மார்ச் 3, செவ்வாய்

ஏரிக்குழுத் தலைவர் விருந்துக்கான சமையல் பட்டியலை ஒரு பழைய மின்கட்டண ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். இடம் போதாமல் இனிப்பு மட்டும் ஓரமாகச் செங்குத்தாக ஏறிப் போயிருந்தது. துண்டுக் காகிதத்தைக்கூட வீணாக்காத மனிதர் என்று அத்தை அசந்துபோனாள்.

ஏரியைத் தூர்வாரப் பணம் திரட்ட வருடா வருடம் வைக்கிற விருந்தாம். நூற்றிருபது பேர். அத்தையின் சமையல் கடைக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர். எனக்கு வழக்கம்போல வெங்காயமும் பாத்திரமும். இரண்டும் என்னிடம் பேச்சுக் கொடுக்காது. நிம்மதி.

மார்ச் 5, வியாழன்

நிம்மதி போச்சு.

இந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொரு மேசையின் மிச்சத்தையும் அதனதன் வாளியில் கொட்டி, எல்லோர் முன்னாலும் நிறுப்பார்கள். அதிகம் வீணாக்கிய மேசைக்காரர்கள் அடுத்த ஞாயிறு ஏரியில் இறங்கி ஆகாயத்தாமரை பிடுங்க வேண்டும். நிறுக்கிறவர் வெளியாளாக இருக்க வேண்டும். எடையை அவரே மைக்கில் சொல்ல வேண்டும்.

"எங்க வீட்டு ஊமைக்கோட்டான் நிறுப்பா" என்று அத்தை சொல்லிவிட்டாள்.

மைக்! வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னாலே எனக்குக் காய்ச்சல் வரும். ஒன்பதாம் வகுப்போடு நின்றதற்கு வீட்டில் சொல்லிக்கொள்ளும் காரணம் வேறு. எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

"பன்னெண்டு மேசை, பன்னெண்டு நம்பர். என்னமோ தூக்குல போடுற மாதிரி முழிக்கிற!"

மார்ச் 6, வெள்ளி

குளியலறையில் ஒத்திகை. "ஒண்ணாம் மேசை, இருநூறு கிராம்!"

வெளியிலிருந்து மாமா: "யாரும்மா உள்ள, காய்கறிக்காரரா?"

மார்ச் 8, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதாமல் இருந்தால் தலை வெடித்துவிடும்.

தராசுக்குப் பயந்து யாரும் சரியாகவே சாப்பிடவில்லை. ஒரு டாக்டர் எலுமிச்சைத் தோலையும் மென்று விழுங்கினார். ஒருவர் ரொட்டியைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். அண்டாவில் பாதிச் சோறு அப்படியே நிற்கிறது — அதை யாரும் நிறுக்கவில்லை!

ஆறாம் மேசையில் படகுத்துறை ஆட்கள் பத்துப் பேர். விருந்தாளிகள். தட்டை வழித்து வைத்திருந்தார்கள். எனக்குக் கழுவவே வேலையில்லை.

ஏரியின் படங்களைத் திரையில் காட்டும்போது விளக்கை அணைத்தார்கள். நான் வாளிகளுக்குப் பக்கத்தில் தூணுக்குப் பின்னால் நின்றேன். தலைவர் தன்னுடைய ஒண்ணாம் மேசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு பூனை மாதிரி வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். எல்லாவற்றையும் ஆறாம் வாளியில் வழித்துக் கொட்டிவிட்டுப் போனார்.

அத்தையிடம் ஓடினேன்.

"நீ பார்க்கல, நான் கேட்கல. அடுத்த வருஷ ஆர்டர் அந்த ஆள் கையில இருக்கு."

மைக்கில் ஒண்ணாம் மேசைக்கு 'ஒண்ணுமில்லை' என்று சொன்னபோது கைத்தட்டல். ஐந்துவரை எப்படியோ தள்ளிவிட்டேன். ஆறு: இரண்டு கிலோ நூறு. "அச்சச்சோ" என்றது கூடம்.

ஆறாம் மேசையிலிருந்து ஒரு படகோட்டி எழுந்தார். "தப்பா இருக்கும்மா. நாங்க ஒரு பருக்கைகூட வைக்கலையே. ஞாயித்துக்கிழமைதான் எங்களுக்குச் சவாரியே." அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெட்கப்படாதீங்க, விதின்னா எல்லாருக்கும் விதிதான்!" என்று தலைவர் சிரித்தார்.

"அது உங்க மேசை மிச்சம் ஐயா."

யாருடா இது என்று பார்த்தேன். நான்தான். மைக் வேறு சும்மா இருக்குமா? மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. "நீங்கதான் கொட்டினீங்க. நான் தூணுக்குப் பின்னாடி நின்னேன்."

எல்லாத் தலைகளும் ஒண்ணாம் மேசைப் பக்கம் திரும்பின. அப்புறம் தலைவரின் மனைவி: "நம்ம மேசையில எல்லார் தட்டுலயும் அள்ளி அள்ளி வச்சப்பவே சொன்னேன், கேட்டாத்தானே!"

கூடமே சிரித்தது. படகோட்டி சிரித்துச் சிரித்து உட்கார்ந்தேவிட்டார். சிரிக்காதது இரண்டே பேர். தலைவர், அத்தை.

மார்ச் 9, திங்கள்

அத்தை பேசவில்லை. பாத்திரங்களை வைக்கிற சத்தம் மட்டும் பேசுகிறது. நான் செய்தது தப்பா? தப்பென்று மனசுக்குத் தோன்றவில்லையே — அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

சந்தைக்குப் போகிற வழியில் ஏரி. முழங்கால் சேற்றில் தலைவர், காதோரம் ஒரு ஆகாயத்தாமரை. சவாரி ஏற்றிப்போன படகோட்டி கத்தினார்: "ஐயா, அந்த ஓரத்தை விட்டுட்டீங்க!"

மார்ச் 18, புதன்

ஏரிக்குழுச் செயலாளர் போன் செய்தார். அடுத்த வருடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துவிட்டார்களாம்.

அத்தை விழா மண்டபங்களின் எண்கள் எழுதிய தாளையும் போனையும் என் முன்னால் வைத்தாள்.

"வாயால ஆர்டரைக் கெடுத்தவ, வாயாலயே கொண்டா. எவ்வளவு கணீர்னு பேசுறன்னுதான் ஊரே கேட்டுச்சே."

முதல் எண்ணை அழுத்தினேன். அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"வணக்கம்" என்றேன்.