கம்ப்யூட்டருக்குப் பூக்கட்டிப் போட்டோம்

அன்பு மகள் தீபாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி பவித்ராவும் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்த நொய்டா குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்க எதற்குக் கடுதாசி என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் பேசினால் உங்கப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், இது அவருக்குத் தெரியக்கூடாத சமாச்சாரம்.

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் விஷயம்தான். பவித்ரா அங்கே படிக்கிறாள் என்று என்னைப் பெற்றோர் குழுவுக்குத் தலைவியாக்கினார்கள், எனக்குத் தெரிந்ததோ பூக்கட்டுவது ஒன்றுதான். போன வருசம் அம்மன் திருவிழா வரியில் மிஞ்சியதை வைத்துப் பத்து கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று ஊர் கூடியபோது நீ படித்துப் படித்துச் சொன்னாய், ஆபீஸ்களில் கழித்துப்போடுகிற பழைய மிஷின் போதும், இலவச சாஃப்ட்வேரைப் போட்டு எல்லாவற்றையும் ஒயரில் இணைத்துவிட்டால் பிள்ளைகளுக்குத் தாராளம் என்று. கம்ப்யூட்டர் டீச்சர் தமிழ்நிலாவும் அதையேதான் சொன்னார். நானும் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். கோயில் கணக்குப் பார்க்கிற நம் ஒச்சப்பன் மாமாதான், ஓசியில வாரது எம்புட்டு நாளைக்கு ஓடும், அம்மன் காசுல பழசை வாங்கலாமா என்று ஒரு போடு போட்டார், நான் உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு பக்கம் ஒரு கம்பெனிக்காரன் வந்து பளபளவென்று புது மிஷின் படம் காட்டினான். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில், சரி பூக்கட்டிப் போட்டு அம்மனிடமே கேட்டுவிடுவோம் என்று முடிவாயிற்று. கிணறு வெட்டுவதிலிருந்து மாப்பிள்ளை பார்ப்பது வரைக்கும் அப்படித்தானே செய்கிறோம். நீ சொன்னதற்கு வெள்ளைப் பூ, கம்பெனிக்காரனுக்குச் சிவப்பு. இலையில் மடித்துப் பொட்டலம் கட்டியது நான், எடுத்தது பவித்ரா. சிவப்பு வந்தது. நீ சிரிப்பாய் என்று வெட்கப்பட்டு, ஊர் முடிவு பண்ணிவிட்டது என்று மட்டும் உன்னிடம் சொன்னேன்.

வாங்கி வருசம் திரும்பியதும் பத்து மிஷினும் பூட்டிக்கொண்டது. சந்தா கட்டினால்தான் திறப்பேன் என்கிறது. அதெல்லாம் வாங்கும்போது போட்ட ஒப்பந்தக் காகிதத்தில் நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதாம், கீழே என் கையெழுத்து. அந்த ஆள் போனை எடுப்பதில்லை. நாலு மாசமாகக் கம்ப்யூட்டர் ரூமில் சத்துணவு அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறது. யார் என்னைத் திட்டினாலும் தாங்கிக்கொள்வேன், நான் எடுத்த பூதானேம்மா என்று பவித்ரா அழுவதைத்தான் பார்க்க முடியவில்லை. உன்னை மாதிரி கம்ப்யூட்டர் படித்து வரவேண்டும் என்று இருந்த பிள்ளை இப்போது அந்த ரூம் பக்கமே போவதில்லை.

இருக்கிற மிஷினிலேயே உள்ளதை அழித்துவிட்டு இலவச சாஃப்ட்வேரைப் போடலாம், ரெண்டு நாள் வேலை என்கிறார் டீச்சர். அம்மன் சொன்னதை அழிக்கிறதா, சந்தாவையே கட்டுவோம் என்கிறார் ஒச்சப்பன் மாமா. அதனால் அடுத்த வாரம் விட்டு அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி பூக்கட்டுகிறார்கள், டீச்சர் சொல்வதற்கு வெள்ளை, சந்தாவுக்குச் சிவப்பு. மறுபடி நான் கட்ட வேண்டும், பவித்ரா எடுக்க வேண்டும். தீபா, ரெண்டு பொட்டலத்திலும் வெள்ளையே வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். எடுக்காத பொட்டலத்தை நம் ஊரில் யாரும் பிரிப்பதில்லை, அப்படியே கிணற்றில் போட்டுவிடுவோம். இருபது வருசமாகக் கட்டுகிறேன், இப்படி ஒரு நினைப்பு வந்ததே இல்லை. அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் நீ சொல்கிறதும் ஒருநாள் பூட்டிக்கொண்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வேன்? அது கடைசிவரை ஓடுமா? எனக்கு ஒரு எழவும் புரியவில்லை, உன்னைத்தான் நம்புகிறேன். அதற்கு முந்தின வியாழக்கிழமைக்குள் போன் பண்ணி, ஓடும்மா என்று ஒரு வார்த்தை மட்டும் சொல். என்னத்தைக் கேட்டேன் என்று உங்கப்பாவுக்கு விளங்காது.

படித்ததும் இதைக் கிழித்துப் போடு. தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரியாதே. அம்மன் உனக்குத் துணையிருக்கட்டும் என்று எழுத வருகிறேன், இந்த நேரத்தில் அவளிடம் எந்த முகத்தோடு கேட்பது? இருந்தாலும் கேட்கிறேன், நீ நல்லா இரு தாயி.

உன் அம்மா,
பாண்டிச்செல்வி