அப்பாவுக்காக நான் சொன்ன ‘நை’

அன்பு மகள் சாரங்கிக்கு,

நீயும் மருமகனும் மெல்பேர்னில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நல்லூர் முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே டென்மார்க்கில், இக்காஸ்டில் நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் அது பொய். ஆலையில் இருபத்தாறு வருடம் துணிச்சுருள் தூக்கிய அப்பா, முதுகு நோவால் இப்போது தபால்பெட்டி வரை போய்வர இரண்டு தரம் நிற்கிறார். போனில் சொல்ல வெட்கப்பட்ட ஒன்றை எழுதுகிறேன், ஏசாதே.

மாசி மாதம் முதுகு டொக்டர் ஒரு ஆராய்ச்சியில் சேரச் சொல்லிக் கேட்டார். பாதிப் பேருக்கு ஒப்பரேசன், பாதிப் பேருக்குப் பயிற்சி, யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கித்தான் முடிவாம், எது நல்லது என்று தங்களுக்கே தெரியாதாம். வெளிநாட்டு ஆட்கள் சேருவது குறைவு, அதனால் உங்களைக் கட்டாயம் கேட்கிறோம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயில் றஃபிளுக்குக் குலுக்கலாம், மனுசன்ர முள்ளந்தண்டுக்குமோ? வெள்ளைத் தோலில் கைவைக்கப் பயந்து கறுத்தத் தோலில் பழகப் போகிறார்கள் என்றுதான் என் புத்தி போனது. கத்தி என்றாலே எனக்குப் பயம். அப்பாவின் டெனிஷ் வாய் நான்தானே, அவர் பக்கம் திரும்பாமலே ‘நை’, வேண்டாம் என்றுவிட்டேன். வெளியே வந்து, என்ன கேட்டவை என்றார் அப்பா. ஒன்றுமில்லை, பயிற்சி செய்யட்டாம் என்றேன்.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் சயந்தினிக்கு இதைப் பெருமையாகச் சொன்னேன். அவள், அன்ரி, என்ர பக்கத்து வீட்டு டெனிஷ் மனுசியும் அந்தச் சீட்டிலதான், எங்கட ஆக்கள் சேராட்டி எங்களுக்கு எது சரிவரும் எண்டு அவை எப்பிடி அறியிறது எண்டாள். போன கிழமை தோய்க்க எடுத்த அப்பாவின் ஜக்கெற்றுக்குள் அந்த ஆராய்ச்சியில் சேரச் சம்மதம் கேட்கும் தாள் இருந்தது. நாங்கள் டொக்டரிடம் போக முன்னமே ஆஸ்பத்திரியால் அனுப்பியிருக்கிறார்கள். அகராதி பார்த்துச் சொல்லுக்குச் சொல் பென்சிலால் தமிழ் எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறார். ஐயோ பிள்ளை, என் ‘நை’ அவருக்கு விளங்காமலா இருந்திருக்கும்? சபையில் என்னை வெட்டிக் கதைக்காத மனுசன். வெளியே வந்து கேட்டது, நான் உண்மை சொல்வேனோ என்று பார்க்கத்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன், ஆள் சேர்த்து முடிந்துவிட்டதாம். அப்பாவிடம் அழுதேன். நீ பயந்திட்டாய், விடு எண்டார். ஒரு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை திரும்ப டொக்டரிடம் போகிறார். மொழிபெயர்க்க வேறு ஆள் கேட்டிருக்கிறேன், நான் வெளியில் இருப்பேன். நேரத்துக்குச் சாப்பிடு, மருமகனுக்காக நீ பதில் சொல்லப் போகாதே. இருவரும் நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, இனி அப்பாவின் முதுகு எப்படி என்று என்னைக் கேட்காதே. போனை அவரிடம் கொடுக்கச் சொல்.

உன் அம்மா,
தவமணி