ஷார்ஜாவிலிருந்து வராத பல்பு

தாராவி, 90 அடி ரோடு
மழை விடாத வெள்ளிக்கிழமை

மருமகன் ராஹிலுக்கு மாமனார் ஜமால் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் சொல்லாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்பதால் சொல்கிறேன். என் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். இங்கே நான் நலம், உங்கள் மனைவி சுலைகா நலம், மகள் ஜோயா நலம். இதையெல்லாம் நீங்கள் கேட்கவில்லை என்பது தெரியும். நீங்கள் கேட்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள் விட்டுவிட்டுப் போன அந்த ஓணான். அதுவும் நலம். தின்கிறது, தூங்குகிறது, எங்களை முறைத்துப் பார்க்கிறது. இக்வானா என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு ஓணான்தான்.

போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நீங்கள் எடுத்தால் அல்லவா பேசுவதற்கு! எடுத்தாலும் மீட்டிங்கில் இருக்கிறேன் மாமா என்பீர்கள். கோடவுனில் அட்டைப்பெட்டி எண்ணுகிறவருக்கு அப்படி என்ன மீட்டிங்கோ. வாட்சப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். சீத்தா கேம்பில் வீடு உள்ள இஜாஸ் லீவு முடிந்து ஷார்ஜா திரும்புகிறார். அதனால் அவர் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு டப்பாவையும் கொடுத்துவிடுகிறேன். டப்பாவை அப்புறம் பிரியுங்கள், முதலில் இதை வாசியுங்கள். பம்பாயில் பிறந்து வளர்ந்த உங்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். நல்லதுதான், மெதுவாக வாசித்தால்தான் உறைக்கும். வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள், மானம் போவது உங்களுக்குத்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் கிளம்பிய அன்று நடந்தது எனக்கு மறக்கவே மறக்காது. கீழே டாக்சி வந்து ஹாரன் அடிக்கிறது. நீங்கள் ஓணான் பெட்டிக்கு முன்னால் எங்களை உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறீர்கள். டைகருக்கு மேலே எரிவது சாதா பல்பு இல்லையாம். (ஓணானுக்கு டைகர் என்று பேர் வைத்த மூளையை என்னத்தச் சொல்ல!) வெயிலில் இருக்கிற அல்ட்ரா வயலெட் கதிர் அதிலிருந்து வருமாம். அது உடம்பில் பட்டால்தான் தின்ற கீரையில் உள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேருமாம். நடுவில் கண்ணாடி வரக் கூடாது, பிளாஸ்டிக் வரக் கூடாது. ரொம்பக் கிட்டேயும் தொங்கக் கூடாது, ஒரு முழத்துக்கு மேல் தள்ளியும் தொங்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், எரிந்துகொண்டிருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். இவ்வளவும் சொன்னீர்கள். கைப்பிள்ளையோடு நின்ற என் மகளைப் பற்றி, வாசலில் ஷூ மாட்டும்போது, பார்த்துக்கிடுங்க மாமா என்றீர்கள். டாக்சிக்காரன் கூட அதைவிடக் கூடுதலாகப் பேசினான்.

எலக்ட்ரிக் கடை வைத்துப் பிழைக்கிறவன் நான். எரிகிற பல்பைக் கழற்றிக் குப்பையில் போடச் சொன்ன முதல் ஆள் நீங்கள். பல்பு என்றால் எரியும், இல்லாவிட்டால் ஃப்யூஸ் போகும், இதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குச் சிரித்துக்கொண்டேன்.

சொன்னபடி அனுப்பினீர்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ரம்ஜானுக்கு முன்னால் ஒன்று, மழை ஓய்கிற சமயத்தில் ஒன்று. லீவில் வருகிற யாராவது ஒருவர் கையில், அரபிப் பேப்பர் சுற்றி வரும். கூடவே பிள்ளைக்கு ஒரு கவுன், மகளுக்கு ஒரு சென்ட் பாட்டில் இருக்குமா என்று சுலைகாவின் உம்மா பேப்பரை உதறிப் பார்ப்பாள். பல்பு மட்டும்தான் இருக்கும். வீட்டுச் செலவைப் பற்றி நான் பேசவில்லை, பேசினால் என் மரியாதை கெட்டுவிடும். நடுவில் ஒரு தடவை லீவில் வந்தீர்கள், அதில் பாதி நாள் பெட்டி துடைப்பதிலேயே போயிற்று. சுலைகாவுக்கும் பிள்ளைக்கும் விசா எப்போது என்று கேட்டால் அடுத்த வருஷம் என்பீர்கள். அடுத்த வருஷம் கேட்டாலும் அதே பதில்தான்.

ஆனால் சுலைகாவுக்கு அந்தப் பல்பே போதுமானதாக இருந்தது. பார்த்தீர்களா வாப்பா, மறக்கவே இல்லை என்பாள். பல்பு வருகிற வரைக்கும் புருஷனும் ஒரு நாள் வந்து கூட்டிப் போவான் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். நானும் கலைக்கவில்லை.

இந்த ரம்ஜானுக்குப் பல்பு வரவில்லை. பெருநாளும் போயிற்று. கேட்டதற்கெல்லாம் அனுப்புகிறேன், அனுப்புகிறேன் என்றீர்கள். பழைய பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. எரிகிறதே, அப்புறம் என்ன கேடு என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தச் சனியன் கொம்பில் ஏறுவதை நிறுத்திவிட்டது. கொம்பில் உட்கார்ந்து ஜமீன்தார் மாதிரி கீழே பார்ப்பதுதானே அதன் உத்தியோகம்? இப்போது தரையிலேயே கிடந்தது. முன்னங்கால் நடுங்கியது. கீரையைக் கடிக்க மாட்டாமல் வாயில் வைத்துக்கொண்டே இருந்தது. ஜோயா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவளும் சாப்பிடாமல் அடம்பிடித்தாள்.

வெயிலில் காட்டலாம் என்றால், குடிசையை இடித்துவிட்டுக் கட்டிக் கொடுத்த எங்கள் எஸ்.ஆர்.ஏ. பில்டிங்கில் ஜன்னலைத் திறந்தால் எதிர் பில்டிங்கின் பாத்ரூம் பைப்புதான் தெரியும். வெயிலாவது வருவதாவது. டெரஸுக்குத் தூக்கிப் போனோம். வடாம் காயவைக்க வந்த பெண்கள் போட்ட கூச்சலில் சொசைட்டி செக்ரட்டரி கிருஷ்ணா டெரஸைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு ஓணானுக்காக அந்த ஆளிடம் போய்க் கெஞ்சினேன். இந்த வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா? எதிர்க்கடை பிளம்பர் வேல்ராஜ், வாட்டர் ஃபில்டருக்குள் இருப்பதும் யு.வி.தானே, அதைக் கழற்றி மாட்டிவிடலாம் பாய் என்றார். அது கிருமியைக் கொல்கிற கதிர், ஓணான் கண்ணையும் அவித்துவிடும், பிள்ளை கண்ணையும் அவித்துவிடும் என்று விரட்டிவிட்டேன்.

கடைசியில் செம்பூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். பாம்பு, ஆமை, ஓணான் இதெல்லாம் பார்க்கிறவர். அங்கேயும் க்யூ! பம்பாயில் உங்களைப் போல் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் ஓணானின் தாடையை விரலால் அழுத்திக் காட்டினார், ரப்பர் மாதிரி வளைந்தது. எங்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்த பல்பை மாட்டி, அதன் கீழே ஒரு சின்ன மீட்டரைப் பிடித்தார். பல்பு ஜோராக எரிகிறது, மீட்டரில் ஒன்றுமே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் கடைசி வரைக்கும் இருக்குமாம், உடம்புக்கு வேண்டிய கதிர் அதற்கு ரொம்ப முன்னாலேயே செத்துவிடுமாம். இப்படியே விட்டால் நடக்கும்போதே கால் ஒடியும் என்றார். மருந்து எழுதிக் கொடுத்து, முதல் வேலையாகப் பல்பை மாற்றச் சொன்னார்.

கிராஃபர்ட் மார்க்கெட்டில் கிடைக்கும், இன்றைக்கே வாங்கிவிடலாம் என்றேன். வேண்டாம் வாப்பா, அவர் அனுப்புவார் என்றாள் உங்கள் மனைவி. வேளாவேளைக்கு மருந்து கொடுத்தாள், மடியில் வைத்துத் தடவினாள், பல்பு மட்டும் வாங்க விடவில்லை. எனக்குக் கோபம் வந்தது, பைத்தியமா உனக்கு என்று கத்திவிட்டேன். அவள் உம்மாதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். கடையில் வாங்கிவிட்டால், நீங்கள் இனி அனுப்ப மாட்டீர்கள் என்பதை அவளே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் அல்லவா? ஒரு வாயில்லா ஜீவனின் எலும்பை வைத்து உங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என் மகள். அதற்கு நீங்கள் தகுதியா ராஹில்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

மழை இறங்கிவிட்டது. இனி பொறுக்க முடியாது என்று நானே சயானில் லோக்கல் ரயில் பிடித்துப் போய், தெப்பமாக நனைந்து, அந்தப் பல்பை வாங்கி வந்தேன். என் கடையில் உட்கார்ந்து விலைச் சீட்டைச் சுரண்டி எடுத்தேன். உங்கள் பழைய பார்சலில் வந்த அரபிப் பேப்பர் கடையில் கிடந்தது, அதைச் சுற்றி டேப் ஒட்டினேன். உங்கள் ரூம்காரர் ஒருவர் கடையில் கொடுத்துவிட்டுப் போனார் என்று சொல்லி அவளிடம் நீட்டினேன். ஜும்மா தொழுதுவிட்டு வந்த கையோடு ஒரு பொய், அதுவும் உங்களுக்காக! சுலைகா பேப்பரைப் பிரித்தாள். பல்பைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அன்றைக்கே உங்களுக்கு மெசேஜ் போட்டாள். பல்பு வந்து சேர்ந்தது, ரொம்ப நன்றி என்று. நான் எதுவும் அனுப்பவில்லையே என்று நீங்கள் சொன்னால் என் குட்டு உடைந்துவிடும். ஆனாலும் சொல்லட்டுமே என்றும் ஒரு மனசு இருந்தது. ஆண்பிள்ளை என்றால் அதைத்தான் சொல்வான். மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள், அது யார் அனுப்பியதோ தெரியாது என்பான். நீங்கள் என்ன எழுதினீர்கள்? வெல்கம் என்று எழுதினீர்கள். அதோடாவது விட்டீர்களா? இது போன தடவையைவிட நல்ல கம்பெனி, உனக்காக ஷார்ஜா முழுக்கத் தேடிப் பிடித்தேன் என்று வேறு எழுதினீர்கள். அட கேடுகெட்ட மனுஷா! சயான் ஸ்டேஷனில் நனைந்தது நான், தேடிப் பிடித்தது நீங்களா?

சுலைகா போனை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பிறகு பெட்டி மேலிருந்து பல்பைக் கழற்றி என் கையில் வைத்து, அடிக்கழுத்தைப் பாருங்கள் வாப்பா என்றாள். அங்கே கறுப்பு மார்க்கரில் தேதி போட்டிருந்தது, பக்கத்தில் என் கையெழுத்து. எங்கள் கடையிலிருந்து எந்தப் பல்பு வெளியே போனாலும், ஹோல்டரில் மாட்டி எரியவிட்டுக் காட்டி, கியாரண்டிக்காகத் தேதி எழுதித்தான் கொடுப்போம். பழகிய கை, பேப்பர் சுற்றுவதற்கு முன்னால் அதன் வேலையை அது செய்துவிட்டது. அந்தக் கவுண்டரில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதி வளர்ந்தவள் அவள். பிரித்த உடனேயே தெரிந்திருக்கிறது.

தெரிந்துகொண்டுதான் உங்களுக்கு நன்றி எழுதியிருக்கிறாள், என்ன சொல்கிறீர்கள் என்று பார்க்க. நான் அனுப்பவில்லை என்று அவர் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருந்திருப்பேன் வாப்பா என்றாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அதையும் எழுதுகிறேன்.

இப்போது தாதரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போகிறாள். முதல் மாதச் சம்பளத்தில், மாற்றுவதற்கென்று இன்னொரு பல்பை அவளே வாங்கி வைத்துவிட்டாள். அதில் தேதியும் அவளே எழுதினாள். ஓணான் தேறிவிட்டது. நேற்று மறுபடியும் கொம்பில் ஏறி உட்கார்ந்து என்னை அதட்டுவது மாதிரி தலையை ஆட்டியது. ஜோயா கைதட்டினாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஜமாத்தில் குலா கேட்டு மனுக் கொடுத்திருக்கிறாள். உங்களிடமிருந்து விடுதலை வேண்டும் என்று அவளே கேட்கிறாள், நான் தூண்டிவிடவில்லை. பள்ளிவாசலிலிருந்து உங்களுக்குப் போன் வரும். என் மகளுக்காக உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்: அந்தப் போனை எடுங்கள். மீட்டிங் என்று சொல்லாதீர்கள், அடுத்த வருஷம் என்று சொல்லாதீர்கள். சரி என்று சொல்லுங்கள். ஜோயாவைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், வாசல் திறந்திருக்கும், சாப்பாடு போடுவோம். ஓணானை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள், பிள்ளை தர மாட்டாள்.

இனி டப்பாவைப் பிரிக்கலாம். உள்ளே இருப்பது நீங்கள் கடைசியாக அனுப்பிய பல்பு. கடையில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறேன். உங்கள் ரூமில் மாட்டுங்கள், நன்றாக எரியும். பார்க்கிறவர்கள் யாருக்கும் ஒரு குறையும் தெரியாது. தேதி மட்டும் நான் எழுதவில்லை, இதற்குக் கியாரண்டி கொடுக்க என்னால் முடியாது.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், உண்மை பேசுகிற நாக்கையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
சுலைகாவின் வாப்பா
ஜமால்